வாணவேடிக்கைப் படம் வெளுத்துப் போனது எதனால்?
முதல் தடவை எடுத்தபோது எல்லாமே வெள்ளைத் திட்டுகளாகத்தான் வந்தன. ஆட்டோவில் விட்டிருந்தேன், கேமரா கரிய வானத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, தாறுமாறாக ஏற்றிவிட்டது, ஆட்டோஃபோகஸும் இருட்டில் தடவிக்கொண்டே இருந்ததில் பாதி வாணங்கள் போயே போய்விட்டன. அடுத்த முறை ட்ரைபாடில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப்/11 வைத்து, தூரத்து விளக்கு ஒன்றில் ஃபோகஸ் பிடித்து அப்படியே மேனுவலுக்கு மாற்றிவிட்டேன். பல்ப் மோடு (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), கையில் ரிமோட். வாணம் கிளம்பும்போது திறந்து, பூ விரிந்து உதிர்ந்ததும் மூடினால் 3, 4 விநாடி ஆகும். அப்போதும் நிறம் வெளுத்தது. ஷட்டர் நேரத்தைக் குறைத்துப் பெரிய பயனில்லை. தீப்பொறி ஓடிக்கொண்டே இருப்பதால் அது படத்தில் இழுக்கும் கோட்டின் வெளிச்சம் அப்பர்ச்சர் கையில்தான். சரி என்று துளையை இன்னும் சுருக்கி எஃப்/16க்குப் போனேன், சிவப்பு சிவப்பாகவே வந்தது. அப்புறம் இந்தப் புகை! அன்று காற்று என் பக்கம் வீசியதால், தொடக்கத்தில் எடுத்த சில படங்கள்தான் தேறின.