மூரா கத்தி: வாங்குவதும் தீட்டுவதும் கைக்கேற்ப மாற்றுவதும்

ஸ்வீடனுக்கு வந்த இரண்டாவது வருடம் இலையுதிர்காலத்தில், மரம் செதுக்க என் முதல் மூரா கத்தியை வாங்கினேன். வாங்கிய அன்று பைன் மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மூன்று மாதம் கழித்து, நான் நாலைந்து முறை தீட்டிய பிறகு, தக்காளியை நன்றாக நறுக்கியது. மரத்தில் வைத்தால் மட்டும் வழுக்கியது. கத்தி மட்டம் என்று நினைத்தேன். உண்மையில் நான் தீட்டிய விதம்தான் அதைக் கெடுத்திருந்தது. அதைப் புரிந்துகொள்ளவும் சரிசெய்யவும் ஒரு குளிர்காலம் போனது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்தக் குளிர்காலம் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஆங்கில வழியாக வந்தவர்கள் 'மோரா' என்பார்கள். இங்கே ஊர்க்காரர்கள் 'மூரா' என்கிறார்கள். டாலார்னா மாகாணத்தில் சில்யான் ஏரிக்கரையில் இருக்கும் ஊர் அது. பக்கத்தில் ஓஸ்ட்நூர் என்ற கிராமம். அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சோன் என்பவர் 1891இல் அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். காட்டிலிருந்து தடி இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகள் செய்வதுதான் முதல் தொழில். கத்தியும் கூடவே வந்தது. 1912இல் அதே கிராமத்தில் எரிக்ஸன் குடும்பத்தின் கத்திப் பட்டறை. 2005இல் இரண்டும் ஒன்றாயின. இன்று 'மூராக்னீவ்' என்ற பெயரில் வருவது அதுதான். க்னீவ் என்றால் கத்தி.

எதை வாங்குவது

முதல் கத்தி என்றால் கம்பேனியன் என்ற மாடல். யோசிக்க வேண்டாம். அலகு 10 செ.மீ.க்குச் சற்று மேல், கையில் வழுக்காத ரப்பர் பிடி, பிளாஸ்டிக் உறை, விலை 200 ஸ்வீடிஷ் குரோனரைச் சுற்றி. இதில் இரண்டு வகை உண்டு. ஸ்டெயின்லெஸ் வகை 12சி27 என்ற ஸ்வீடிஷ் ஸ்டீலில், 2.5 மி.மீ. கனத்தில் வருகிறது. கார்பன் ஸ்டீல் வகை 2 மி.மீ. மட்டும்.

மழையில் காட்டுக்குப் போகிறவர், மீன் சுத்தம் செய்கிறவர், கத்தியைத் துடைக்க மறப்பவர் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். மரம் செதுக்கத்தான் கத்தி என்றால் கார்பன். அலகு மெல்லியது என்பதால் மரத்துக்குள் சுலபமாக நுழைகிறது. தீட்டும்போது கூரும் சீக்கிரம் ஏறுகிறது. என் கை தினமும் தேடுவது கார்பனைத்தான்.

விறகு பிளக்க வேண்டுமானால் 3.2 மி.மீ. கனமுள்ள ரொபஸ்ட் அல்லது ஹெவி டியூட்டி. சாதாரண கம்பேனியனின் இரும்புப் பகுதி பிடியின் கடைசிவரை போவதில்லை. அதன் முதுகில் கட்டையால் ஓங்கி அடிப்பது சரியில்லை. கார்பெரி என்று ஒன்று இருக்கிறது, பிடியின் முழு நீளத்துக்கும் ஒரே இரும்பு. ஆனால் விலை பல மடங்கு. முதல் வருடத்தில் அது தேவைப்படாது. சிறுவர்களுக்கு ரூக்கி: முனை மழுங்கலாக இருக்கும், விரல் முன்னால் வழுக்காமல் தடுப்பும் உண்டு.

சிவப்புப் பூச்சு பூசிய பிர்ச் மரப் பிடியோடு வரும் கிளாசிக் 1 பார்க்க அழகு. ஆனால் விரல் தடுப்பு கிடையாது. கை பழகிய பிறகு இரண்டாவது கத்தியாக வாங்குங்கள். பிடியை மாற்றிப் பார்க்க அதைவிட நல்ல கத்தி இல்லை; கீழே வருகிறேன்.

ஃபின்லாந்தின் புக்கோ கத்திகளும் (ரொவானியெமியில் 1928 முதல் மார்ட்டீனி செய்கிறது) இதே குடும்பம். அலகின் ஓரத்தில் பெரும்பாலும் இதே மாதிரிச் சரிவு என்பதால் கீழே நான் சொல்லும் தீட்டும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.

ஸ்வீடனில் இருப்பவர்களுக்கு ஒன்று: இங்கே பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 1988 முதல் இருக்கிறது. வேலைக்கோ காட்டுக்கோ தேவை என்றால் விலக்கு உண்டு. ஆனால் காட்டிலிருந்து திரும்பும் வழியில் இடுப்பில் தொங்கவிட்டபடி கடைக்குள் போகாதீர்கள். பையின் அடியில் போட்டுவிடுங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: வெண்ணெய்க் கத்தி

ஸ்வீடிஷ் பள்ளிகளில் 'ஸ்லேய்ட்' என்ற கைவினைப் பாடம் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அங்கே நிறையக் குழந்தைகள் முதலில் செய்வது ரொட்டியில் வெண்ணெய் தடவும் மரக்கத்தி. நாமும் அதிலிருந்தே தொடங்கலாம். மரத்துக்குக் காட்டில் கிளை ஒடிக்க வேண்டாம். காட்டில் யாரும் நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம் என்ற உரிமை உயிருள்ள மரத்தின் கிளையை வெட்ட இடம் தரவில்லை. விறகுக்கட்டில் முடிச்சு இல்லாத பிர்ச் துண்டு ஒன்றை எடுங்கள்.

முழங்கையை இடுப்போடு சேர்த்து வைத்து, கத்தியை உடம்புக்கு வெளியே தள்ளிச் சீவுங்கள். நுணுக்கமான இடத்தில் கட்டை பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலால் கத்தி முதுகைத் தள்ளினால் போதும், கத்தி விரலளவுதான் நகரும். தொடைகளுக்கு நடுவே வைத்து மட்டும் செதுக்காதீர்கள். உள்தொடையில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. கட்டையை முழங்காலுக்கு வெளிப்பக்கம் கொண்டுபோங்கள்.

தீட்டுவது: நான் தவறிய இடம்

ஊரில் சமையல் கத்தியைத் தீட்டும்போது முதுகைக் கொஞ்சம் தூக்கி, ஓரத்தை மட்டும் கல்லில் தேய்ப்போம். அந்தக் கத்திக்கு அது சரி. மூரா கத்தியைப் பக்கவாட்டில் பாருங்கள்: அலகின் நடுவிலிருந்து ஓரம்வரை அகலமான ஒரே சரிவு. ஸ்காண்டி என்று சொல்வது இதைத்தான். இரு பக்கச் சரிவும் சேர்ந்து சுமார் 23 பாகைக் கோணம். தீட்டும்போது அந்தச் சரிவு முழுவதும் கல்லில் படிய வேண்டும்.

நான் பழக்கதோஷத்தில் முதுகைத் தூக்கினேன். ஒவ்வொரு முறையும் ஓரம் கொஞ்சம் உருண்டது. தக்காளித் தோலை அறுக்க அந்த ஓரம் போதும். மரத்தில் அப்படி இல்லை. சரிவை மரத்தின் மேல் படுக்கவைத்துத் தள்ளும்போது ஓரம் உருண்டிருந்தால் கூர் மரத்தைத் தொடுவதே இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. பிடியைத் தூக்கினால்தான் கடிக்கும். கடித்ததும் ஆழமாக இறங்கிவிடும். அழுத்திச் சீவுவோம், வழுக்கும், விரல் போகும். எனக்கு இடது ஆள்காட்டி விரலில் தழும்பு இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது இது.

கல்: தொடக்கத்தில் நடுத்தரமான வைரத்தகடு (வைரத்தூள் பதித்த தகடு) ஒன்றையே சொல்வேன். தண்ணீரில் நனைத்துத் தீட்டும் தண்ணீர்க்கல் (1000 எண்) அருமையாகத் தீட்டும், ஆனால் நடுவில் குழி விழும். குழி விழுந்த கல்லில் தட்டையான சரிவு வராது. இழுத்துத் தீட்டும் V வடிவக் கருவியை இந்தக் கத்திக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். மின்சாரச் சாணையும் வேண்டாம். ஓரம் சூடாகி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இரும்பின் கடினம் போய்விட்டது, திரும்ப வராது.

1. இரு பக்கச் சரிவிலும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள்.

2. அலகைக் கல்லில் படுக்கவையுங்கள். பிறகு அதை மெல்ல ஓரப்பக்கம் சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் சரிவு கல்லில் உட்காரும். அது கைக்கே தெரியும். தெரியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

3. இரண்டு விரலைச் சரிவுக்கு நேர் மேலே வைத்து அழுத்துங்கள், முதுகில் அல்ல. ஓரம் முன்னே போகும்படி தள்ளுங்கள்.

4. ஐந்து முறை தள்ளிவிட்டு மையைப் பாருங்கள். சரிவின் மேல்பக்கம் மை மிச்சமிருந்தால் முதுகைத் தூக்குகிறீர்கள். ஓரத்தில் மிச்சமிருந்தால் ஓரம் ஏற்கெனவே உருண்டிருக்கிறது, இன்னும் தேய்க்க வேண்டும். புதுக் கத்தியில் ஓரத்தில் மயிரிழை அகலத்துக்கு மை நிற்கலாம்; ஆலையிலேயே கடைசியாக ஒரு மிகச் சிறிய சரிவு கொடுத்திருப்பார்கள். பயப்பட வேண்டாம்.

5. முனைப் பக்கம் வளைவு வரும்போது பிடியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். முதுகை அல்ல, பிடியை. இரண்டும் வேறு வேறு அசைவு. இது பிடிபடாததால்தான் என் கத்தியின் முனை முதலில் உருண்டது.

6. மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை ஓரத்துக்குக் குறுக்காக, வெளிநோக்கி இழுத்துத் தொட்டுப் பாருங்கள். ஓரத்தின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அடி முதல் முனை வரை பிசிறு வந்த பிறகே திருப்புங்கள். பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான். உருண்டுபோன என் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

7. பிசிறை எடுக்கத் தோல்பட்டை. பழைய பெல்ட்டைப் பலகையில் ஒட்டி மெருகுப் பசை தடவினால் போதும். இங்கே கத்தியைப் பின்னோக்கித்தான் இழுக்க வேண்டும், முதுகு முன்னால் போக. அழுத்தினால் தோல் அமுங்கி ஓரத்தை மறுபடி உருட்டிவிடும். அலகின் எடை போதும்.

சோதனைக்குக் காகிதம் வேண்டாம். பைன் துண்டின் வெட்டுமுகத்தில் மெல்லியதாகச் சீவுங்கள். பளபளவென்று வந்தால் வேலை முடிந்தது. பொடியாக உதிர்ந்தால் தோல்பட்டைக்குத் திரும்புங்கள்.

கைக்கேற்ப மாற்றுவது

முதுகு: காட்டில் தீ மூட்டப் பயன்படும் ஃபெர்ரோ தண்டில் (உரசினால் பொறி பறக்கும் உலோகத் தண்டு) உரசித் தீப்பொறி எடுக்கக் கத்தி முதுகின் விளிம்பு சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும். கம்பேனியனின் முதுகு கொஞ்சம் மழுங்கல். வைஸில் இரண்டு மரத்துண்டுக்கு நடுவே அலகைப் பிடித்து, ஓரத்தை அட்டையால் மூடி, முதுகைத் தட்டையாக்குங்கள். சாதாரண அரம் இந்த இரும்பில் வழுக்கிக்கொண்டே போய்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும். பலகையில் ஒட்டிய 120 எண் உப்புத்தாளோ முரட்டு வைரத்தகடோ நல்லது. முனைப் பக்கம் 4 செ.மீ. மட்டும் செய்யுங்கள். நான் முழு முதுகையும் செய்தேன். செதுக்கும்போது கட்டைவிரல் தள்ளும் இடம் அறுத்ததால் பின்பாதியைத் திரும்ப மழுங்கடிக்க வேண்டியிருந்தது. பொறி எடுக்கும்போது கத்தியை அசைக்காமல் பிடித்துத் தண்டைப் பின்னால் இழுங்கள், தீப்பற்ற வைத்திருக்கும் பஞ்சு கலையாது.

பிடி: கிளாசிக்கின் சிவப்புப் பூச்சை 80 எண் உப்புத்தாளில் எடுத்து, உங்கள் உள்ளங்கைக்கு ஏற்ப இழைத்து, 120, 240 என்று மெருகேற்றி, ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். மூன்று நாள் இடைவெளி விட்டு மூன்று பூச்சு. தொடங்கும் முன் அலகை அட்டையும் டேப்பும் சுற்றி மூடிவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. இந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருண்ட துணி தானாகத் தீப்பிடித்த வீடுகள் உண்டு. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவையுங்கள்.

நிறம்: கார்பன் கத்திக்கு மட்டும். அலகைச் சோப்பில் கழுவி எண்ணெய்ப்பசை போக்கி, வெதுவெதுப்பான வினிகரில் அரை மணி நேரம் நிறுத்தினால் சாம்பல் நிறப் படலம் வரும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள். துரு பிடிப்பது குறையும், அடியோடு நிற்காது. வினிகர் கூரையும் கொஞ்சம் தின்றிருக்கும், கடைசியில் தோல்பட்டையில் பத்து முறை இழுங்கள்.

பின்சேர்க்கை 1: இதில் சொன்னபடி தீட்டியும் ஓரத்தில் பல் பல்லாக உடைகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருமே காய்ந்த ஓக் மர முடிச்சைச் செதுக்கியிருக்கிறார்கள். தட்டையாகவே தீட்டிய ஓரம் அவ்வளவு மெல்லியது, கடின மரம் தாங்காது. தீட்டி முடித்த பிறகு, நுண்மையான கல்லில் முதுகை மயிரிழை தூக்கிப் பக்கத்துக்கு மூன்றே முறை, எடையே கொடுக்காமல் தடவுங்கள். அடுத்த முறை மறுபடி தட்டையாகத் தொடங்கி அந்தச் சிறு சரிவு மறையும்வரை தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் என் பழைய கத்தியின் கதைதான்.

பின்சேர்க்கை 2: கார்பன் கத்தி உறைக்குள்ளேயே ஒரே இரவில் துருப்பிடித்தது என்று ஒரு வாசகர் படம் அனுப்பினார். துருவோடு கருநீலப் புள்ளிகளும் இருந்தன. அவை ஓக் மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து வந்த கறை, துரு அல்ல. துரு வந்தது ஈர உறையால். மழையில் நனைந்தால் உறையைத் தலைகீழாகத் தட்டித் தண்ணீரை வடித்து, கத்தியைத் தனியாக, உறையைத் தனியாக இரவு முழுக்கக் காயவிடுங்கள்.