லேசரால் துரு நீக்குவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் துரு போகும், கூடவே கொஞ்சம் இரும்பும் போகும். லேசர் உரசுவதில்லை. 1064 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் துரு நன்றாக உறிஞ்சிச் சட்டென்று சூடாகித் தெறித்து ஆவியாகிவிடும். சுத்தமான இரும்போ அந்த ஒளியில் கணிசமான பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அளவாக வைத்தால் துரு மட்டும் கழன்று வருவது இதனால்தான். துருப்பிடித்த வார்ப்பிரும்பு வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

1. எந்த மெஷின்?
இரண்டு வகை உண்டு. பல்ஸ் வகை ஒளியை மிகச் சிறு துடிப்புகளாக விடும், பொருள் அதிகம் சூடாகாது. தொடர் ஒளி வகை பெரும்பாலும் 1000 வாட்டுக்கு மேல் இருக்கும். வேகமானது, ஆனால் மெல்லிய தகடு வளைந்துவிடும். புதியவர்களுக்கு 100 முதல் 300 வாட் வரையிலான பல்ஸ் மெஷின்தான் சரி. விலை அதிகம், அதனால் வாடகைக்கு எடுங்கள். ஒரே ஒரு வைஸ் என்றால் மெஷினே வேண்டாம், ஒரு வாளி வினிகர் போதும்.

2. கண்ணும் மூச்சும்
இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். இது நான்காம் வகுப்பு (Class 4) லேசர், ஆபத்து வரிசையில் உச்சத்தில் இருப்பது. ஒளி கண்ணுக்கே தெரியாது. நீங்கள் பார்க்கும் சிவப்புப் புள்ளி வெறும் வழிகாட்டி. பளபளப்பான இடத்தில் பட்டுத் திரும்பும் கதிரே விழித்திரையைச் சுட்டுவிடும். சுட்டது உடனே வலிக்கவும் வலிக்காது. வெல்டிங் கண்ணாடி உதவாது. 1064 என்ற எண்ணும் OD 7 என்ற அளவும் (கண்ணாடி எவ்வளவு ஒளியைத் தடுக்கும் என்பதைச் சொல்வது) பொறித்த லேசர் கண்ணாடியே வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கும் அதேதான். ஜன்னல் கண்ணாடி வழியாக இந்த ஒளி வெளியே போகும், அதையும் மறையுங்கள். வீடியோ எடுக்க ஆசைப்பட்டால் போனின் கேமரா சென்சாரும் போய்விடலாம்.

புகையை உறிஞ்ச ஹெப்பா (HEPA, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) வடிகட்டி உள்ள கருவியைக் கிட்டத்தில் வையுங்கள், முகமூடியும் போடுங்கள். ஈயம் கலந்த பழைய பெயின்ட், துத்தநாகம் பூசிய இரும்பு இரண்டிலும் முதல் பாடம் படிக்க வேண்டாம். அந்தப் புகை மோசமானது.

3. தயார் செய்தல்
திருகாணியில் ஒட்டிய கிரீஸைத் துடைத்து எடுங்கள். தின்னர் போட்டிருந்தால் முழுக்கக் காயட்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும். செதில் செதிலாக நிற்கும் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

4. ஓரத்தில் சோதனை
அடிப்பக்கம், வெளியே தெரியாத இடத்தில் தொடங்குங்கள். பவரை 30 சதவீதத்தில் வைத்து, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுங்கள். மஞ்சளோ நீலமோ படர்ந்தால் இரும்பு சூடாகிறது என்று பொருள்; பவரைக் குறையுங்கள் அல்லது கையை வேகமாக நகர்த்துங்கள்.

5. ஓட்டுவது
லென்ஸுக்கேற்ற தூரம் முக்கியம். ஒரு சென்டிமீட்டர் விலகினாலே வேலை மந்தமாகும். நேர் செங்குத்தாகப் பிடிக்காமல் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் கதிர் லென்ஸுக்கே திரும்பாது. ஒவ்வொரு கோடும் முந்தையதன்மேல் கொஞ்சம் ஏறிப் போகட்டும்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். துரு இருக்கும்வரை படபடவென்று வெடிக்கும்; இரும்பு வெளிப்பட்டதும் சத்தம் மெலிந்துவிடும். அப்போது அடுத்த இடத்துக்கு நகருங்கள். தடித்த துருவுக்கு ஒரே தடவையில் பவரைக் கூட்டுவதைவிட இரண்டு மூன்று சுற்று ஓட்டுவது நல்லது. துரு தின்ற குழிகள் அப்படியேதான் இருக்கும், அவற்றை நிரப்ப லேசரால் முடியாது.

6. உடனே பூச்சு
வெறும் இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கத் தொடங்கும். கருந்தூளைத் துடைத்துவிட்டு, வைஸின் தாடைக்கும் திருகாணிக்கும் எண்ணெய், மற்ற இடத்துக்குப் பிரைமர். சேண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சித் துரு நீக்குவது) போல லேசர் சொரசொரப்பை உண்டாக்காது. தடித்த பெயின்ட் அடிப்பதாக இருந்தால் பிரைமருக்கு முன்னால் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய் தேயுங்கள்.