ஓய்வில்லாமல் ஓடும் ஃபிரிட்ஜ்: அளந்து பார்த்துச் சரிசெய்யும் முறை

ஏர்கானை அணைக்கிறோம், விளக்கை அணைக்கிறோம். ஃபிரிட்ஜை மட்டும் யாரும் அணைப்பதில்லை. அதனால் அதில் வரும் சின்னக் கோளாறு சத்தமே இல்லாமல் மின்கட்டணத்தில் ஏறிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து ஒரு நாள் மீனும் மாவும் கெட்டுப்போகும்போதுதான் தெரியவரும். கட்டணம் ஏறுவதற்கும் பெட்டி நின்றுபோவதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: குளிரூட்டும் வாயுவை அழுத்தி ஓடவைக்கும் கம்ப்ரசருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதை வீட்டிலேயே படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு

சிங்கப்பூரில் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி, kWh) மின்சாரம் சுமார் 30 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவில் ஒட்டியிருந்த எரிசக்தி லேபிளில் ஆண்டுக்கு 350 யூனிட் என்று இருந்தால் 105 வெள்ளி, நாளுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். உங்கள் பெட்டி உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிய, சாக்கெட்டில் செருகும் மின் அளவி ஒன்று போதும். 3 நாள் விட்டு எடுங்கள். ஒரு மணி நேர அளவை நம்பக் கூடாது. பனிக்கட்டியை உருக்கும் ஹீட்டர் நாளுக்கு இரண்டு மூன்று முறைதான் ஓடும். அந்த நேரம் அளவில் விழுந்தால் கணக்கு கூடும், விழாவிட்டால் குறையும். 3 நாள் சராசரி லேபிள் கணக்கைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் எங்கோ கோளாறு இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு, ஏனென்றால் சமையல் நேரத்தில் கதவு எத்தனை முறை திறக்கிறது என்பது லேபிளுக்குத் தெரியாது.

அளவி இல்லாவிட்டால், எல்லோரும் வெளியே போகும் ஒரு நாளில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளில் மின்சேவை நிறுவனமான எஸ்பி குழுமத்தின் செயலியே அரைமணி நேரக் கணக்கைக் காட்டும்.

அடுத்தது வெப்பநிலை. காற்றின் சூடு கதவைத் திறந்ததுமே மாறிவிடும் என்பதால், ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வைத்து மறுநாள் காலை கதவைத் திறந்ததும் பாருங்கள். 4 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. ஃபிரீசரில் உறைந்த இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே செருகிப் பார்த்தால் மைனஸ் 18 காட்ட வேண்டும். மைனஸ் 24 காட்டினால் வீண்செலவு. குமிழில் உள்ள 1, 2, 3 என்பவை டிகிரி அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிர் கூடும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, குளிர் குறையட்டும் என்று 5இல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஒரு எண் மாற்றினால் 24 மணி நேரம் காத்திருந்து மறுபடி அளங்கள்.

சூடு வெளியே போக வழி

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்ட இடமில்லாவிட்டால் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் நாம் அதிகம் தவறுவது இங்கேதான். அடுப்படியைப் புதுப்பிக்கும்போது தச்சர் அளவெடுத்து, பெட்டி சரியாக நுழையும்படி அலமாரி அடித்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும், பெட்டிக்கு மூச்சு முட்டும். பின்புறம் 5 முதல் 10 சென்டிமீட்டர், இரு பக்கமும் குறைந்தது 5, தலைக்கு மேல் 10 விடுங்கள். கையேட்டில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

புதிய பெட்டிகளில் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே புதைந்திருக்கும். பக்கவாட்டைத் தொட்டால் சூடாக இருப்பது அதனால்தான், பயப்பட வேண்டாம். பழைய பெட்டிகளில் முதுகில் கறுப்புக் கம்பிச் சட்டம் தெரியும். நம் வீட்டில் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் அதில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டினால் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். 4 மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய தூரிகையால் தட்டி, வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். அடுப்பிலிருந்தும் வெயில் அடிக்கும் சன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

கதவு ரப்பர்

இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ரப்பரில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஈரம் உள்ளே புகுந்து பனியாகப் படியும், அந்தப் பனியை உருக்க ஹீட்டர் ஓடும், ஹீட்டர் கொடுத்த சூட்டை எடுக்கக் கம்ப்ரசர் ஓடும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இழுவை தெரிய வேண்டும்; சுலபமாக வழுக்கி வந்தால் அந்த இடம் தளர்ந்துவிட்டது. மேல், கீழ், கீல் பக்கம் என்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் பாருங்கள். மடிப்புகளில் உள்ள பிசுக்கை வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் தொட்டுத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வளைந்த ரப்பரை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, கையால் நேராக்கி, கதவை மூடி வைத்துவிடுங்கள். கிழிந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லி புது ரப்பர் வாங்க வேண்டியதுதான்.

உள்ளே அடுக்குவது

ஃபிரீசர் நிறைந்திருக்கலாம், கீழ்ப்பகுதியில் காற்று ஓட இடம் வேண்டும். குளிர்காற்று வரும் துவாரத்துக்கு எதிரே இட்லி மாவுக் குண்டானை வைத்தால் மாவுக்கு முன்னால் கீரை கெடும். குழம்பு, ரசம் எதுவானாலும் மூடி போடுங்கள், திறந்த பாத்திரத்தின் ஆவிதான் பனியாகிறது. கொதிக்கக் கொதிக்க உள்ளே வைக்காதீர்கள்; அதற்காக இரவு முழுக்க வெளியிலும் விடக் கூடாது. ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் 2 மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். தேக்கா சந்தையில் வாங்கிய மீனை ஒரே மூட்டையாக உறையவிடாமல், ஒரு வேளைக்கு ஒன்றாகத் தட்டையாகப் பொதிந்தால் சீக்கிரம் உறையும்.

பனியும் தண்ணீரும்

ஃபிரீசர் நன்றாக உறைகிறது, கீழ்ப்பகுதி மட்டும் குளிரவில்லை என்றால், பெரும்பாலும் பனியை உருக்கும் டிஃபிராஸ்ட் அமைப்பில் கோளாறு. ஃபிரீசரின் பின்சுவருக்குப் பின்னால் இருக்கும் குளிர்சுருளில் பனி அடைத்துக்கொண்டு காற்று கீழே வர முடியாமல் போகிறது. விசிறி பனியில் உரசும் சத்தமும் கேட்கலாம். பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, தரையில் துண்டுகள் விரித்து 24 மணி நேரம் விடுங்கள். மறுபடி போட்டதும் ஒன்றிரண்டு வாரம் நன்றாக ஓடி, பிறகு அதே கதை என்றால் ஹீட்டர், வெப்ப ஃபியூஸ், சென்சர் அல்லது டைமர் இவற்றில் ஒன்று போயிருக்கிறது. பழுது பார்க்க வருபவரிடம் இந்த விவரத்தை அப்படியே சொல்லுங்கள். கம்ப்ரசரை மாற்ற வேண்டும் என்ற பேச்சுக்கே அப்போது இடமிருக்காது.

காய்கறி டிராயருக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துத் துளையில் மெல்ல அழுத்துங்கள்.

எந்த நிலையிலும் கத்தியால் பனியைக் கொத்தாதீர்கள். சுருள் மெல்லிய அலுமினியம், துளை விழுந்தால் உள்ளிருக்கும் வாயு வெளியேறும். 2022 அக்டோபர் 1 முதல் புவி வெப்பமாதல் குறியீடு 15ஐத் தாண்டும் குளிரூட்டும் வாயு கொண்ட வீட்டு ஃபிரிட்ஜுகளை இங்கே விற்பனைக்குக் கொண்டுவர முடியாது. அதனால் புதிய பெட்டிகளில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன், அதாவது ஆர்600ஏ. சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனால் தீப்பற்றும். துளை விழுந்து உஸ்ஸென்று சத்தம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், அடுப்பைப் பற்றவைக்காமல், சன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

நேரங்கெட்ட நேரத்தில் ட்ரிப் ஆனால்

2023 ஜூலை முதல் எல்லா வீடுகளிலும் மின்கசிவைக் கண்டால் தானாக விழும் (ட்ரிப் ஆகும்) ஆர்சிசிபி சுவிட்ச் இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்திருக்கிறது. கசிவு 30 மில்லியாம்பை எட்டும் முன்பே அது மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும். ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் அது விழுந்துவிட்டால் ஃபிரீசரில் உள்ளது அத்தனையும் போச்சு.

நாளுக்கு ஒன்றிரண்டு முறை, காரணம் புரியாமல், நள்ளிரவில் கூட விழுகிறதென்றால் டிஃபிராஸ்ட் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். அதன் உறை வெடித்து ஈரம் புகுந்திருந்தால் ஹீட்டர் ஓடும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் கசியும், மற்ற நேரமெல்லாம் பெட்டி சாதுவாக இருக்கும். சோதிக்க, உணவை ஐஸ் போட்ட பெட்டிக்கோ பக்கத்து வீட்டுக்கோ மாற்றிவிட்டு ஃபிரிட்ஜ் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. பல சாக்கெட்டுகளில் அது ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். 2 நாள் விழாமல் இருந்தால் கசிவு ஃபிரிட்ஜில். தொடர்ந்து விழுந்தால் வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எல்லாவற்றின் சிறு கசிவுகளும் சேர்ந்தும் விழவைக்கலாம். அதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வர வேண்டும். ஆர்சிசிபியைத் தாண்டி நேரடியாகக் கம்பி இழுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது, தம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு 20 காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் இருந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. எதையும் சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் போவதானால் காலி செய்து, துடைத்து, அணைத்து, பூஞ்சை பிடிக்காதபடி கதவை இடுக்கு விட்டு வையுங்கள்.

கம்ப்ரசர் பக்கம் சில நிமிடத்துக்கு ஒரு முறை ‘டிக்’ என்று கேட்டு, ஓடாமல் நின்றால் கம்ப்ரசரைத் தொடக்கிவிடும் ஸ்டார்ட் ரிலே போயிருக்கலாம். விலை குறைந்த பாகம். குளிர்சுருளில் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைந்திருக்கிறது. மூடிய குழாயில் கேஸ் தானாகத் தீராது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவது. பெட்டிக்கு 10 வயதுக்கு மேல் ஆகி ஓட்டையும் இருந்தால் புதிது வாங்குவதே நல்லது.

வாங்கும்போது எரிசக்தி லேபிளில் உள்ள டிக் குறிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். டிக் என்பது அந்த அளவுப் பெட்டிகளுக்குள் ஒப்பீடு. 4 டிக் உள்ள பெரிய பெட்டி, 3 டிக் உள்ள சின்னதைவிட அதிகம் இழுக்கலாம். ஆண்டு யூனிட்டைப் பார்த்து 0.30ஆல் பெருக்குங்கள். தட்பவெப்ப வகுப்பு டி (T) என்றால் சுற்றுப்புறச் சூடு 43 டிகிரி வரை, எஸ்டி (ST) என்றால் 38 வரை தாங்கும். வெறும் ‘என்’ (N) என்றால் 32 வரைதான், நம் அடுப்படிக்குப் போதாது. வீவக குடும்பங்களுக்குக் கிடைத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு மிச்சமிருந்தால் அந்த மாடலுக்குச் செல்லுமா என்று கடையில் கேளுங்கள். 2021 ஜூலை முதல் கடைகள் புதியதைக் கொண்டுவரும்போது பழையதை இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பெட்டியை நிமிர்த்தி வைத்து, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். நீட்டிப்புக் கம்பி வேண்டாம். தண்ணீர்த் தம்ளர் 4 டிகிரிக்கு இறங்கிய பிறகே உணவை அடுக்குங்கள்.