'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்' படத்தைத் திரையிட்டுப் பேசுவது எப்படி

2002-இல் வந்த பிலிப் நாய்ஸின் இந்த ஆஸ்திரேலியப் படம், தாயிடமிருந்து பறித்து அரசு முகாமில் விடப்பட்ட மூன்று பூர்வகுடிச் சிறுமிகள் தப்பித்து, முயல்வேலியை ஒட்டி நடந்தே ஊர் திரும்பப் பார்க்கும் உண்மைக் கதை. 94 நிமிடம் ஓடும். முன்னுரைக்குப் பத்து நிமிடம், டீக்குப் பத்து நிமிடம், பேச்சுக்கு முக்கால் மணி நேரம் சேர்த்தால் இரண்டேமுக்கால் மணி நேரத்துக்கு அறை வேண்டும். இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், கூட்டம் பெருத்தால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். சிறுமிகளின் வீட்டுப் பேச்சு பூர்வகுடி மொழியில் என்பதால் சப்டைட்டில் இல்லாத பிரதி உதவாது. படத்தில் நிறம் வெளிறித்தான் இருக்கும். 'சரி செய்கிறேன்' என்று புரொஜெக்டரில் நிறத்தைக் கூட்ட விடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் திரையிடுகிறீர்கள் என்றால், இறந்துபோன பூர்வகுடியினரின் உருவமும் பெயரும் படத்தில் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது அங்குள்ள வழக்கம்.

முன்னுரையில் கதை சொல்லாதீர்கள், சட்டத்தைச் சொல்லுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905-இல் வந்த சட்டத்தின்படி 16 வயதுவரை பூர்வகுடிக் குழந்தைகளுக்குச் சட்டப்படியான காப்பாளர் பெற்ற தாய் இல்லை, 'தலைமைப் பாதுகாவலர்' என்ற அதிகாரி. 1931-இல் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏ. ஓ. நெவில். ஜிகலாங் என்ற ஊரிலிருந்து மோலி, டெய்சி, கிரேசி என்ற அந்த மூன்று சிறுமிகளையும் மூர் ரிவர் முகாமுக்குக் கொண்டுபோனது இந்த அதிகாரத்தில்தான். இது தெரியாமல் பார்ப்பவர், காரில் வந்து பிள்ளைகளைப் பிடுங்கும் போலீஸ்காரரை மட்டும் வில்லனாக்கிவிட்டு எழுந்துபோய்விடுவார்.

வெள்ளையருக்கும் பூர்வகுடியினருக்கும் பிறந்தவர்களைக் குறித்த 'ஹாஃப் காஸ்ட்' என்ற சொல்லைத் தமிழில் 'கலப்பினம்' என்று சொல்லத் தோன்றும். பசுவுக்கும் ஆட்டுக்கும் சொல்கிற சொல் அது. நெவிலின் பார்வையும் ஏறக்குறைய அதுதான் என்றாலும், உங்கள் வாயால் வர வேண்டாம். மூலச்சொல்லை ஒருமுறை சொல்லி விளக்கிவிட்டு, பிறகு 'பூர்வகுடி' என்றே பேசுங்கள்.

பேச்சின்போது மூன்று காட்சிகளைத் திரும்பப் போடுங்கள். முதலாவது, நெவில் சீமாட்டிகளுக்கு ஸ்லைடு போட்டுப் பாட்டி, மகள், பேரன் என்று நிறம் வெளுத்துக்கொண்டே போவதை விளக்கும் இடம். குரல் உயரவே இல்லை என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். தான் நல்லது செய்வதாகவே அவர் நம்புகிறார். இந்த இடத்தில்தான் அதிக நேரம் நில்லுங்கள்: 'அன்பாகப் பேசுகிறவர் இனவாதியாக இருக்க முடியுமா?' என்று கேளுங்கள், பேச்சு பத்து நிமிடமாவது ஓடும்.

இரண்டாவது, முகாமில் முதல் நாள். இனி இதுதான் உங்கள் வீடு என்பதும் உங்கள் பாஷை இங்கே கூடாது என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. 'வீடு என்றால் கூரையா, பாஷையா, ஆளா?' என்று கேளுங்கள்.

மூன்றாவது, வேலிக் காட்சி. மோலி ஒரு இடத்தில் கம்பியைப் பிடிக்கிறாள், எங்கோ தூரத்தில் தாயும் பிடிக்கிறாள். முயலைத் தடுக்க வெள்ளையர் போட்ட வேலி அது, மோலியின் வெள்ளைக்காரத் தகப்பனும் அதில் வேலை பார்த்தவர். அதுவே தப்பி நடக்கும் சிறுமிகளுக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்கு வழிகாட்டியாகிறது.

பேச்சு கெடுவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, 'என்ன தைரியம் இந்தப் பிள்ளைகளுக்கு' என்பதோடு முடிந்துபோவது. கிரேசி வழியில் பிடிபட்டதை நினைவுபடுத்துங்கள், பேச்சு திரும்பிவிடும். மற்றது, ஐந்தாவது நிமிடத்திலேயே யாராவது நம்மூர்ச் சாதிக்குத் தாவுவது. தாவட்டும், ஆனால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில். முதலிலேயே விட்டால் ஜிகலாங் காணாமல்போகும்.

கடைசி எழுத்துகள் ஓடும்போது விளக்கைப் போடாதீர்கள். முதிய மோலியும் டெய்சியும் நிஜமாகவே வருவது அங்கேதான். மோலி 1940-இல் இரண்டு மகள்களோடு திரும்பவும் மூர் ரிவருக்குக் கொண்டுபோகப்பட்டார், அடுத்த ஆண்டு கைக்குழந்தை அனபெல்லோடு மறுபடியும் நடந்தே ஊர் திரும்பினார். பின்னர் அனபெல்லையும் பறித்தார்கள். முகாமில் விட்டுவர நேர்ந்த மூத்த மகள் டோரிஸ் பில்கிங்டன்தான் படத்துக்கு மூலமான நூலை எழுதியவர். 'பிள்ளைகளைப் பறித்ததற்கு அதான் 2008-இல் அன்றைய பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே' என்று ஒருவர் சொன்னால், அனபெல்லின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பேச விடுங்கள்.