அரசுப் பள்ளியில ஊர்க்காரங்களே செய்முறை வகுப்பு நடத்துறது எப்படி

ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும்னு நாலு பேர் கூடினா முதல்ல வர்ற பேச்சே காசுதான். பெயிண்ட் அடிக்கலாம், ஃபேன் மாட்டலாம், பிளெக்ஸ் வச்சு நோட்டு குடுக்கலாம். தப்புன்னு சொல்ல வரல. 1950கள் கடைசில நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறைய நடத்தினப்ப பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா போட்டு, ஊர்க்காரங்க குடுத்த பொருள்லதான் எத்தனையோ பள்ளிக்கூடம் நிமிர்ந்துச்சு. ஆனா இன்னைக்கு புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம், பை, செருப்பு எல்லாம் அரசாங்கமே குடுத்துடுது. இப்ப ஒரு நடுநிலைப் பள்ளில என்ன இல்லைன்னு பார்த்தா, எட்டு வகுப்புக்கு கைவிரல் விட்டு எண்ணுற அளவு டீச்சருங்க, அவங்களுக்கும் பாதி நாள் ரெஜிஸ்டர், ஆப், மீட்டிங்னு போயிடுது, பாடத்துல இருக்கறத கையால செஞ்சு காட்ட ஆள் இல்ல. அந்த ஆள் ஊருக்குள்ள இருக்காங்க. அவங்கள எப்படி வகுப்புக்குள்ள கொண்டு வர்றதுன்னுதான் இங்க சொல்லப் போறேன்.

முதல் வேலை ஹெச்.எம்ம பாக்குறது. ஜூன்ல ஸ்கூல் திறந்த முதல் ரெண்டு வாரம் போகாதீங்க, அட்மிஷன் நேரம், யாரும் காது குடுக்க மாட்டாங்க. பரீட்சை சமயமும் வேண்டாம். சாதாரண நாள்ல சாயங்காலம் மூணு மணிக்கு மேல, ரெண்டு பேரா போனா போதும், பத்துப் பேர் திரண்டு போய் நின்னா ஏதோ கம்ப்ளெயின்ட் குடுக்க வந்திருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க. போய் "நாங்க வந்து கிளாஸ் எடுக்குறோம் சார்"னு ஆரம்பிக்காதீங்க, அது டீச்சருங்களுக்கு குத்தல் மாதிரி போய் விழும். கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "அடுத்த மாசம் கணக்குலயும் அறிவியல்லயும் என்ன பாடம் வருதுங்க?" அந்தப் பதில எழுதிட்டு வாங்க. எல்லாமே அதுலேருந்துதான் தொடங்கும். உங்களுக்கு டெலஸ்கோப் பிடிக்கும்ங்கிறதுக்காக டெலஸ்கோப்ப தூக்கிட்டுப் போனா பசங்க ஒரு நாள் வேடிக்கை பார்ப்பாங்க, அதோட சரி.

அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு, எஸ்.எம்.சின்னு எல்லாரும் சொல்றது. 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது, இந்தக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு. மாசா மாசம் கூட்டம் உண்டு, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியம். அதுல உங்க யோசனைய வச்சு தீர்மானமா நோட்டுல எழுத வைங்க. ரொம்ப பேர் "ஹெச்.எம் வாயால சரின்னுட்டாரே, அப்புறம் என்ன"னு விட்டுடுவாங்க. அவர் டிரான்ஸ்ஃபர்ல போனா அந்தச் சரியும் கூடவே போயிடும். எழுத்துல இருந்தா வட்டாரக் கல்வி அலுவலர் வந்து "யாருங்க இவங்க, வகுப்புக்குள்ள என்ன பண்றாங்க"ன்னு கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். இன்னொரு விஷயம், குழுத் தலைவியா ஒரு அம்மா இருப்பாங்க, ஆனா சில ஊர்ல அவங்க வீட்டுக்காரர்தான் நாற்காலில உக்காந்து பேசுவாரு. நீங்க அந்த அம்மாவையே பாத்துப் பேசுங்க. யார் பிள்ளைக்கு என்ன வரல, எந்த வீட்ல யாருக்கு என்ன வேலை தெரியும்ங்கிறது அவங்களுக்குத்தான் அத்துப்படி.

இப்ப பாட லிஸ்ட் கைல இருக்கு. அதப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஊர்ல யார் யாரு அந்த வேலைய தினம் பண்றாங்கன்னு யோசிங்க.

கொத்தனார்ல தொடங்கலாம், ஏன்னா அவர் இல்லாத ஊரே கிடையாது. எட்டாவது கணக்குல பிதாகரஸ் தேற்றம் வருது. போர்டுல முக்கோணம் போட்டு வர்க்கம் வர்க்கம்னு எழுதினா பாதிப் பசங்களுக்கு மண்டைல ஏறாது. கொத்தனார் என்ன பண்றாரு, வீட்டுக்கு மூலை போடுறப்ப ஒரு நூல்ல 3 அடி, இன்னொரு நூல்ல 4 அடி குறிச்சுட்டு, குறுக்க 5 அடி வருதான்னு பார்ப்பாரு, வந்தா மூலை சரி. பெரிய கட்டடம்னா 6, 8, 10 வைப்பாரு, அளவு பெருசாக பெருசாக பிழை குறையும். அவர கூட்டிட்டு வந்து மைதானத்துல ஒரு ரூமுக்கு நூல் போடச் சொல்லுங்க. அப்புறம் பசங்களை அஞ்சு அஞ்சு பேரா பிரிச்சு டேப்ப குடுத்து பள்ளிக்கூடத்துல எந்த மூலை சரியா இருக்கு, எது கோணலா இருக்குன்னு கண்டுபிடிக்க விடுங்க. பழைய கட்டடமா இருந்தா கண்டிப்பா ஒரு மூலையாவது கோணலா மாட்டும், அன்னைக்கு பசங்களுக்கு இருக்குற சந்தோஷம் இருக்கே! கூடவே டியூப் லெவலையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. தண்ணி நிரப்பின அந்த டியூப்ப வச்சு வராண்டா எந்தப் பக்கம் சரியுதுன்னு பாக்கலாம், ரெண்டு முனையிலயும் தண்ணி ஏன் ஒரே மட்டத்துல நிக்குதுன்னு கேள்வி தானா வரும். உள்ள காத்துக் குமிழ் இருந்தா அளவு பொய் சொல்லும், அதை அவரே சொல்லுவாரு, அது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

அவருக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடணும்: "பாடம் நடத்த வேண்டாம்ணே, நீங்க சைட்ல பண்றத அப்படியே பண்ணுங்க போதும்." இல்லேன்னா மைக் கிடைச்ச மாதிரி "நல்லா படிக்கணும் கண்ணுங்களா, நாங்கதான் படிக்காமப் போயிட்டோம்"னு அரை மணி நேரம் அறிவுரை போயிடும். அப்புறம் கூலி. அரை நாள் வேலைய விட்டுட்டு வர்றவருக்கு அரை நாள் கூலியக் குடுங்க. பெயிண்டுக்கு வசூல் பண்ணலாம்னு இருந்தீங்களே, அந்தக் காச இதுக்கு வைங்க. சேவைன்னு சொல்லி சும்மா கூப்பிட்டா முதல் தடவை வருவாரு, ரெண்டாவது தடவை "வேலை இருக்கு தம்பி"ம்பாரு, அவர் மேல குத்தம் சொல்ல முடியாது.

கோலம் போடுற பாட்டி, அம்மாக்கள் அடுத்து. இத கலை நிகழ்ச்சியா ஆக்கிடாதீங்க, கணக்கு பீரியட்லயே வைங்க. நேர்ப்புள்ளில நடுவுல 7, ரெண்டு பக்கமும் 5, 3, 1 வைக்கச் சொல்லுங்க. மொத்தம் எத்தனை புள்ளின்னு ஒவ்வொண்ணா எண்ணாம சொல்லணும். ஒரு பக்கத்தோட நடு வரிசையச் சேர்த்தா 1+3+5+7, அதாவது 16, நாலு நாலா பதினாறு. மிச்சப் பக்கம் 1+3+5, அதாவது 9, மும்மூணு ஒம்போது. ஒத்தைப்படை எண்ணை வரிசையா கூட்டினா வர்க்கம் வரும்ங்கிறது அங்கேயே தரையில கெடக்கு. மொத்தம் 25, அதுவும் வர்க்கம்! கொத்தனாரோட 3, 4, 5 இங்க திரும்ப வந்து நிக்குது. உடனே பசங்க எல்லாக் கோலத்துக்கும் இப்படித்தான்னு முடிவு கட்டிடுவாங்க, அப்ப 9 புள்ளி வைக்கச் சொல்லுங்க, 41 வரும், வர்க்கம் இல்ல. 7க்கு அப்புறம் இந்த மாதிரி அமையுறது நடுவுல 41 புள்ளி வச்சாதான், மொத்தம் 841, அதாவது 29 இன்ட்டு 29. மார்கழில ஒரு நாள் மைதானத்துல அதையே போட்டுப் பாக்கலாம், ஆள் நிறைய வேணும். இடைப்புள்ளில, அதாவது ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி வர்ற மாதிரி, 7 வச்சு 4ல முடிக்கிற கோலம் வேற கணக்கு, 37 வரும், அது ஏன்னு பசங்களையே கேளுங்க.

நிழல் அளக்குறதுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம், ஒரு குச்சி போதும். தூக்குக்குண்டு விட்டுப் பாத்து குச்சிய நட்டமா நிறுத்துங்க, 11.30லேருந்து 1 மணி வரைக்கும் கால் மணிக்கு ஒரு தடவை நிழல் நுனில சுண்ணாம்புப் பொட்டு வைங்க. நிழல் ரொம்பக் குட்டையா ஆகுற நேரம்தான் அந்த ஊரோட உச்சிப்பொழுது, அந்த நிழல் காட்டுற கோடு சரியான வடக்கு தெற்கு. பெரும்பாலான மாசத்துல அது கடிகாரத்துல 12 தாண்டித்தான் வரும், நம்ம கடிகாரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கக்கோட்டுக்கு வச்சது, நாம அதுக்கு மேக்க இருக்கோம். உச்சிப்பொழுதுல குச்சிக்கு நிழலே இல்லாத நாள் வருஷத்துக்கு ரெண்டு வரும். ஏப்ரல்ல வர்றது பரீட்சைல மாட்டிக்கும், அதனால ரெண்டாவதா வர்றதப் பிடிங்க: சென்னைல ஆகஸ்ட் 18 வாக்குல, மதுரைல ஆகஸ்ட் 27 வாக்குல, கன்னியாகுமரில செப்டம்பர் 1 வாக்குல. மேகம் மூடிடுச்சுன்னா அடுத்த நாளும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும், கவலை வேண்டாம். சூரியன நேரா பாக்கக் கூடாதுன்னு முன்னாடியே ரெண்டு தடவை சொல்லிடுங்க.

அக்டோபர் பொறந்தா மழை. நேரான பக்கம் இருக்குற பிளாஸ்டிக் பாட்டில மேல வெட்டி, வெட்டின தலைய புனலா கவுத்து வச்சு, அடில கூழாங்கல்லும் தண்ணியும் ஊத்தி நேர்ப்பகுதி ஆரம்பிக்கிற இடத்துல பூஜ்யம் குறிச்சா மழைமானி ரெடி. மரத்தடில வைக்காதீங்க. தினம் காலைல 8.30க்கு அளவு எடுக்கணும், வானிலைத் துறை எடுக்குறதும் அந்த நேரம்தான், அதனால பேப்பர்ல வர்ற அளவோட ஒப்பிட்டுப் பாக்கலாம். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர். 20 மீட்டருக்கு 6 மீட்டர் மாடில 25 மில்லிமீட்டர் பெஞ்சா 3000 லிட்டர். இந்தக் கணக்கு வந்ததும் பசங்களே "அந்தத் தண்ணி எங்க போகுது?"ன்னு கேப்பாங்க. 2003லேருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், பைப்பு இருக்கும், ஆனா உள்ள இலையும் பந்தும் அடைச்சுக் கெடக்கும். ஊர்ல பிளம்பர் வேலை பாக்குற அண்ணன் வர வேண்டிய நாள் அதுதான். மாடிக்கு அவரும் ஒரு பெரியவரும் மட்டும் ஏறட்டும், பசங்க கீழ நிக்கட்டும்.

தோட்டம் பத்தி சுருக்கமா. ஆடிப்பட்டம் தேடி விதைங்கிறது பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும், ஆடில கீரை விதைச்சா காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாடியே அறுத்து சத்துணவு சமையல் அம்மா கைல குடுத்துடலாம், பசங்களுக்கு விதைச்சதும் தின்னதும் ஒரே பருவத்துல நடக்கும். ஜனவரி பிப்ரவரில ஆசையா கன்னு வைக்காதீங்க, மே மாசம் தண்ணி ஊத்த ஆள் இருக்காது.

சின்ன சாமான் வகைல தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூப்பும் தோக்கவே தோக்காது. வால்வ் டியூப்பத் துண்டு துண்டா வெட்டி, அதுல தீக்குச்சிய சொருகி உருவம் செய்யுறது. அறிவியல் பொம்மை செய்யுற அர்விந்த் குப்தா மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்குப் போனப்ப உருவாக்கினது அது. 1972ல 16 பள்ளில ஆரம்பிச்ச அந்தத் திட்டம் 2002 வரைக்கும் அரசுப் பள்ளிங்கள்ல ஓடுச்சு. சதுரம் செஞ்சா நசுங்கும், முக்கோணம் நசுங்காது, செல்ஃபோன் டவர்ல ஏன் முக்கோணமா இருக்குன்னு புரிஞ்சுடும். எல்.இ.டி எரிய வைக்கணும்னா பட்டன் செல் வாங்குங்க. எலுமிச்சம்பழத்துல எரிய வைக்கிற வீடியோவ நம்பி ஒரே பழத்தோட போகாதீங்க, மூணு நாலு பழத்தை வரிசையா இணைச்சாதான் சிவப்பு எல்.இ.டி மினுக்குன்னு எரியும். வீட்டு கரண்ட், ஆசிட், பாதரசம் எதுவும் கிட்டயே வரக்கூடாது.

இதெல்லாம் ஆறுலேருந்து எட்டு வரைக்கும் நல்லா போகும். அந்த வகுப்புங்களுக்கு 2022லேருந்து வானவில் மன்றம்னு அறிவியல், கணக்க செஞ்சு பாத்துக் கத்துக்குற அரசுத் திட்டம் இருக்கு, அதோட கருத்தாளர் பரிசோதனைச் சாமானோட உங்க ஸ்கூலுக்கு என்னைக்கு வர்றாங்கன்னு கேட்டு அவங்களோட சேர்ந்துக்குங்க, தனியா ஒரு கடை போட வேண்டாம். சின்ன வகுப்புல நீங்க புதுசா எதுவும் ஆரம்பிக்க வேண்டியதே இல்ல. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிங்கள்ல செயல்வழிக் கற்றல் வந்ததுலேருந்து அட்டை, பாட்டு, தரையோட ஒட்டின கரும்பலகைன்னு அங்க இது பழகின விஷயம், இப்ப எண்ணும் எழுத்தும் திட்டத்துல பசங்களோட நிலையப் பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு நடத்துறாங்க. அந்த டீச்சருக்கு வேணுங்கிறது புளியங்கொட்டை, பத்துப் பத்தா கட்டின குச்சிக் கட்டு, அட்டை வெட்டிக் குடுக்க ரெண்டு கை. சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் நாலு பெற்றோர் உக்காந்தா ஒரு பருவத்துக்கு ஆகும்.

வகுப்பு நடக்குறப்ப டீச்சர் உள்ளேயே இருக்கணும், இது பேரம் பேசுற விஷயமே இல்ல. வெளியாள் யாரும், நீங்களும்தான், பிள்ளைங்களோட தனியா இருக்கக் கூடாது. ஒரு பிள்ளை ஏதாவது சங்கடமான விஷயத்த உங்ககிட்ட சொன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, ஊர்ப் பஞ்சாயத்துல வச்சுப் பேசாதீங்க. ஃபோட்டோ எடுத்தா கைய எடுங்க, செஞ்ச பொருள எடுங்க, முகம் வேண்டாம். எஸ்.எம்.சி வாட்ஸப் குரூப்ல போட ஒரு படம் போதும், ரீல்ஸ் எடுக்க வர்ற இளவட்டங்களை கேட்டுக்கு வெளியவே நிறுத்திடுங்க.

மாசத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல வைக்காதீங்க. ஜூலைல கொத்தனார், ஆகஸ்ட்ல நிழல், அக்டோபர்ல மழை, மார்கழில கோலம்னு வச்சாலே வருஷம் ஓடிடும், டீச்சருங்களுக்கும் பாரமா இருக்காது. பசங்க கண்டுபிடிச்சதுல ஊர் சரி பண்ண வேண்டியது ஏதாவது இருந்தா, அடைச்ச பைப்பு, சரிஞ்ச வராண்டா மாதிரி, அளவோட எழுதி எஸ்.எம்.சி தீர்மானமா ஆக்கி அடுத்த கிராம சபைல வைங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எப்படியும் கூடும். அந்த அளவெடுத்த பிள்ளையோட அம்மாவே எழுந்து படிக்கட்டும்.

ஏப்ரல்ல ஸ்கூல் மூடுறதுக்கு முன்னாடி டேப்பு, நூல், டியூப், மழைமானி எல்லாத்தையும் ஒரு டிரங்குப் பெட்டில போட்டு, உள்ள என்னென்ன இருக்கு, யார் யாரு வந்தாங்க, அவங்க போன் நம்பர் என்னன்னு ஒரு நோட்டுல எழுதி ஹெச்.எம் ரூம் பீரோல வச்சுடுங்க. சாவி யார்கிட்ட இருக்குங்கிறதையும் அதுலயே எழுதுங்க.