வன்னியிலிருந்து ஒலிப்பதிவுக் கிற்றார் கலைஞராக: ஜாஸ், புளூஸ் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறருடைய பாடலுக்குக் கூலி பெற்று வாசிக்கும் கிற்றார் கலைஞரின் பெயர் இறுவட்டின் உறையில் சிறிய எழுத்தில் இருக்கும். பல வேளைகளில் அதுவும் இராது. ஆனாலும் நல்ல கலைஞரை இசையமைப்பாளர்கள் திரும்பத் திரும்பத் தேடி வருகிறார்கள். சொன்ன நேரத்தில் ஆயத்தமாக இருப்பது, தாளம் பிசகாமல் வாசிப்பது, பாடுபவரின் குரலுக்கு இடம் விடுவது, இரண்டாவது மூன்றாவது தடவைக்குள் பதிவை முடித்துக் கொடுப்பது ஆகியவற்றுக்காகவே அவரைத் தேடுகிறார்கள். இந்தப் பழக்கங்களை, அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே பிறந்த ஜாஸும் புளூஸும் ஊட்டுகிற அளவுக்கு வேறெந்த இசைவகையும் கிற்றார் கலைஞருக்கு ஊட்டுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்துகொண்டு அவற்றைக் கற்று, அதனால் உழைக்கவும் விரும்புகிற இளையோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். வன்னியில் ஜாஸ் வாசித்து மட்டும் அடுப்பெரியாது. இங்கே கிடைக்கக்கூடிய வேலை கோயில் பாடல் இறுவட்டுகள், தேவாலயப் பாடல்கள், குறும்படங்கள், புலம்பெயர்ந்த உறவுகள் றொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து தயாரிக்கும் தனிப்பாடல்கள் ஆகியவையே. ஆகையால் ஜாஸையும் புளூஸையும் உங்கள் கையையும் காதையும் பண்படுத்தும் பயிற்சியாகவும், கொழும்பின் ஹோட்டல் இசைக்குழுக்களிலோ வெளிநாட்டுப் பதிவுகளிலோ வாய்ப்பு வரும்போது தயங்காமல் கையில் எடுக்கக்கூடிய தனித்திறமையாகவும் கொள்ளுங்கள். இது குறைவான நிலையன்று. இளையராஜா இசையமைப்பாளராவதற்கு முன்னர் சலில் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்களின் பதிவுகளில் கிற்றார் வாசித்து உழைத்தவர். நியூ ஓர்லியன்சில் பிறந்த கறுப்பினக் கிற்றார் கலைஞர் லோனி ஜோன்சன் புளூஸ் பாடகராகப் பெயர் பெற்றிருந்த காலத்திலேயே, 1927 இல் லூயிஸ் ஆம்ஸ்ரோங்கின் ஜாஸ் குழுவுடனும் 1928 இல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவுடனும் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். எடி லாங் என்ற வெள்ளையினக் கலைஞர் அவரோடு சேர்ந்து பதிவுசெய்தபோது, நிறவேறுபாடு கோலோச்சிய அந்நாளில், தம் பெயரை மறைத்துப் புனைபெயரில் வாசிக்க வேண்டியிருந்தது. அத்தகைய லோனி ஜோன்சனே 1959 இல் பிலடெல்பியாவின் ஒரு ஹோட்டலில் துப்புரவுப் பணியாளராக இருந்தபோதுதான் மீளக் கண்டெடுக்கப்பட்டார் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். வயலோ கடையோ அரச வேலையோ, கையில் இருக்கும் இன்னொரு வருமானத்தை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது.

பயிற்சியைத் தாளத்திலிருந்து தொடங்குங்கள். புளூஸின் அடிப்படை நடையாகிய ஷஃபிள், நம்மவருக்கு அந்நியமானதன்று. ஒவ்வோர் எண்ணிக்கையையும் திஸ்ர நடையில் ‘தகிட, தகிட’ என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு, நடுவிலுள்ள ‘கி’யை ஒலிக்காமல் விட்டுவிட்டால் ஷஃபிள் கிடைத்துவிடும்: முதல் ஒலி நீண்டும் அடுத்தது குறுகியும் வரும். காத்தவராயன் கூத்தின் சிந்து மெட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு மூன்றாகப் பிரியும் நடை ஏற்கெனவே பழகியதுதான். ஜாஸின் சுவிங்கும் இதே குடும்பம். ஆனால் வேகம் கூடக்கூட அந்த நீளமும் குறுக்கமும் ஒன்றையொன்று நெருங்கி, ஏறத்தாழச் சமமாகிவிடும். இதனைக் கணக்காகக் கற்க முயல வேண்டாம். பழைய பதிவுகளோடு சேர்ந்து கைதட்டிக் கற்க வேண்டும். தாளம் தட்டும் கருவியாகிய மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்ற வேகத்தில் வைத்துத் தொடங்குங்கள். கை பழகிய பின்னர், அதன் ஒலி நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் விழுவதாக எண்ணிக்கொண்டு வாசியுங்கள். ஒன்றாவது எண்ணிக்கையை நீங்களே மனத்துக்குள் சுமக்க வேண்டியிருப்பதால், சில வாரங்களில் உங்கள் தாளம் எவ்வளவு உறுதிப்படுகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

அடுத்தது பன்னிரண்டு பார் புளூஸ். பார் என்பது இங்கே நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாள அளவு. ஆறு கட்டையில், அதாவது ஏ சுருதியில், முதல் நான்கு பார்களுக்கு ஏ7 என்ற கோர்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி), ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் டி7, ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் மறுபடி ஏ7, ஒன்பதாவதுக்கு ஈ7, பத்தாவதுக்கு டி7, பதினொன்றாவதுக்கு ஏ7, பன்னிரண்டாவதுக்கு மீண்டும் தொடக்கத்துக்கு இழுத்துச் செல்லும் ஈ7. இதனை எழுத்துகளால் மனனம் செய்யாமல் ஒன்று (இங்கே ஏ), நான்கு (டி), ஐந்து (ஈ) என்ற எண்களாகக் கற்பதே தொழிலுக்கு உதவும். அமெரிக்காவின் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1950களின் பிற்பகுதியிலிருந்து கலைஞர்கள் பாடல்களை எண்களாகவே குறித்து வருகிறார்கள். பாடகி வந்து நின்று, “தம்பி, அரைக்கட்டை இறக்கி வாசியும், மேல எட்டுதில்லை” என்று சொல்லும்போது, எண்களில் யோசிப்பவர் தாளைத் திருத்தாமலே வாசிக்கத் தொடங்கிவிடுவார். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ என்ற ஒழுங்கு உறக்கத்திலும் மறவாதிருக்கட்டும்.

புளூஸில் தனியாக வாசிக்கும் சுரங்கள் பெரும்பாலும் ஐந்து. ஏ சுருதியில் அவை ஏ, சி, டி, ஈ, ஜி. கர்நாடக இசை கற்றவர் இதனைக் கேட்டவுடனே சுத்த தன்யாசி என்பார், சுரங்களைப் பொறுத்தமட்டில் அது சரியே. இதனுடன் பிரதி மத்திமம் கடந்துபோகும் சுரமாக வந்து சேரும். ஆனால் புளூஸின் உயிர் காந்தாரத்தில், அதாவது ஏ சுருதியின் சி இருக்கும் இடத்தில், இருக்கிறது: அது சாதாரண காந்தாரமாகவும் நிற்காது, அந்தர காந்தாரமாகவும் நிற்காது, இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் நிற்கும். மெல்லிய தந்தியிலிருந்து எண்ணி மூன்றாம் தந்தியின் ஐந்தாவது பிரெட்டில் (கழுத்தின் உலோகக் கட்டுகளுக்கு இடைப்பட்ட இடம்) விரலை வைத்து, தந்தியை மிகச் சிறிதளவே இழுத்துப் பாருங்கள். முழுதாக இழுத்தால் இனிமையாகிவிடும், இழுக்காமல் விட்டால் சோகம் மட்டும் மிஞ்சும். அந்த நடு இடத்தைக் கண்டுபிடிக்க மாதங்கள் எடுக்கலாம். கமகத்தோடு வளர்ந்த காது நமக்கு இருப்பதால் இதில் நாம் முந்திக்கொள்ளலாம். ஆனால் கமகத்தின் தாராளத்தை இங்கே கொண்டுவராமல் அடக்கிவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜாஸில் பெரும்பாலோர் அஞ்சுவது கோர்ட்டுகளின் எண்ணிக்கையைக் கண்டு. மூன்று தந்திகளில் தொடங்கினால் அந்த அச்சம் போய்விடும். டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7 என்ற தொடர் ஜாஸ் பாடல்களில் ஓயாமல் வருவது. இவ்வாறு பிடியுங்கள்: முதலாவதுக்கு ஐந்தாம் தந்தியில் ஐந்தாவது பிரெட், நான்காம் தந்தியில் மூன்றாவது, மூன்றாம் தந்தியில் ஐந்தாவது. இரண்டாவதுக்கு ஆறாம் தந்தியில் மூன்றாவது, நான்காம் தந்தியில் மூன்றாவது, மூன்றாம் தந்தியில் நான்காவது. மூன்றாவதுக்கு ஐந்தாம் தந்தியில் மூன்றாவது, நான்காம் தந்தியில் இரண்டாவது, மூன்றாம் தந்தியில் நான்காவது. மூன்றாம், நான்காம் தந்திகளை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு மாற்றத்திலும் அவற்றில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றது ஒரேயொரு பிரெட் கீழே இறங்குகிறது. கேட்பவரின் காது பின்தொடர்வது இந்தச் சிறு இறக்கத்தையே. ஐந்தாம், ஆறாம் தந்திகளில் வரும் வேர்ச்சுரத்தை (கோர்ட்டின் பெயருக்குரிய சுரம்) பேஸ் கிற்றார்காரரிடம் விட்டுவிட்டு, இந்த இரண்டு தந்திகளை மட்டும் வாசித்தாலும் பாடல் முழுமையாகவே ஒலிக்கும்.

இதனை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர் அமெரிக்க ஜாஸ் கிற்றார் கலைஞர் பிரெடி கிரீன். 1937 இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவில் சேர்ந்து, 1987 இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதே இடத்தில் இருந்தார். தனி வாசிப்பென்று அவர் செய்தது மிக அரிது. பாரில் நான்கு எண்ணிக்கைக்கு நான்கு தட்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று சுரங்களுக்குமேல் ஒலிக்காது. அந்த வாசிப்பைக் கற்க, கோர்ட்டை அழுத்திப் பிடித்து பிக்கால் (தந்தியைத் தட்டும் சிறு தகடு) ஒரு தட்டுத் தட்டியவுடன், இடதுகை விரல்களைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். ஒலி அங்கேயே அறுந்து, அடுத்த தட்டுக்கு இடம் பிறக்கும். ஒரு மணிநேரம் இதை மட்டும் வாசிக்கப் பொறுமை உள்ளவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஆயத்தமாகிவிட்டார் என்றே சொல்வேன். கோயில் பாடலொன்றின் சரணத்தில் தவிலும் நாதஸ்வரமும் நிறைந்திருக்கும் வேளையில், இந்த அடக்கம் உங்களைக் காப்பாற்றும்.

மேலைத்தேயச் சுரக்குறிப்பை வாசிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் ஆகிய பிரித்தானிய இசைத்தேர்வு அமைப்புகளின் தேர்வுகள் இலங்கையில் நடைபெறுகின்றன. சான்றிதழைவிட அவற்றுக்காகச் செய்யும் பார்வை வாசிப்புப் பயிற்சியே (முன்பின் பாராத சுரக்குறிப்பைக் கண்டவுடன் வாசிப்பது) பயனுள்ளது. லாஸ் ஏஞ்சலிசின் ஒலிப்பதிவுக் கூடங்களில் பல்லாண்டு கொடிகட்டிப் பறந்த கிற்றார் கலைஞர் டொமி டெடெஸ்கோ, மண்டொலினையும் பான்ஜோவையும்கூடக் கிற்றாரின் சுருதியமைப்பிலேயே மீட்டி, முன்னால் வைத்த தாளை அங்கேயே வாசித்துக் கொடுத்தவர். அவருக்கு வந்த வேலைகளின் வகைக்கு இந்தத் திறமை ஒரு பெரிய காரணம்.

வன்னியில் இருந்து வேலை செய்வதென்றால் வீட்டிலிருந்தே பதிவுசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். கணினி, கிற்றாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்டர்பேஸ், மூடிய வகை ஹெட்போன் போதும். மின்கிற்றாரை நேராக இன்டர்பேஸில் செருகிப் பதிவுசெய்தால், தகரக் கூரையில் மழை கொட்டினாலும் மயில் அகவினாலும் பதிவு கெடாது. அக்கூஸ்டிக் கிற்றாருக்கு மைக் வைப்பதானால் மின்விசிறியை நிறுத்தி, பன்னிரண்டாவது பிரெட்டுக்கு எதிரே ஓரடி தூரத்தில் மைக்கை வைத்து, ஊர் அடங்கிய பின்னர் பதிவுசெய்யுங்கள். நில இணைப்பு (எர்த்) சரியில்லாத வீடுகளில் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கிற்றாரில் புகுந்துவிடும். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றி, பற்றரியில் ஓடவிட்டால் அது பல வேளைகளில் குறைந்துவிடும். இரட்டைச் சுருளால் இரைச்சலைத் தணிக்கும் ஹம்பக்கர் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் உறுப்பு) கொண்ட கிற்றாரை வாங்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். சோழகக் காலத்து வெப்பத்தில் தகரக் கூரையின் கீழ் கிற்றாரைத் தொங்கவிடக் கூடாது. கழுத்து வளைந்து தந்திகள் உயர்ந்துவிடும். மாரியில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள்.

அனுப்பும் கோப்பு 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் (WAV) வடிவில் இருக்கட்டும். அந்த அளவில் ஒற்றைத் தடமான மோனோ பதிவு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட்டளவு வரும். நான்கு நிமிடப் பாடல் 35 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால் கைப்பேசி இணைப்பிலேயே அனுப்பலாம். நீங்கள் வாசிக்கத் தொடங்குவது நடுவில் என்றாலும், கோப்பு பாடலின் முதல் நொடியிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் அங்கே திறப்பவர் இடம் தேடி அலைய மாட்டார். எதிரொலி போன்ற விளைவுகள் சேர்த்த பதிவோடு, எதுவும் சேர்க்காத வெறும் பதிவையும் அனுப்புங்கள். உச்ச ஒலியளவு, பதிவின் எல்லையாகிய பூச்சியத்தைத் தொடாமல் ஆறு டெசிபெல்லாவது கீழே நிற்கட்டும். கோப்பின் பெயரில் பாடலின் பெயர், வேகம், கட்டை, எத்தனையாவது வாசிப்பு என்பவை இருந்தால், இரண்டு மாதம் கழித்துத் திருத்தம் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.

பணத்தைப் பற்றித் தொடக்கத்திலேயே பேசுங்கள். தெரிந்த அண்ணா, சொந்தக்கார மாமா என்றாலும் பேசத்தான் வேண்டும். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் வழக்கில் ஒரு பதிவுநேரம் மூன்று மணித்தியாலம் என்று அளவு உண்டு. நம்மிடையே அத்தகைய அளவு இல்லாததால் பாடலுக்கு இவ்வளவு, அதில் இரண்டு திருத்தம் அடங்கும், அதற்குமேல் கேட்டால் தனிக்கூலி என்று நீங்களே வரையறுத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பணம் முன்னரே, மீதி இறுதிக் கோப்பை அனுப்புமுன். உறையிலும் யூடியூப் விவரத்திலும் உங்கள் பெயர் வர வேண்டுமென்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநருக்கும் உரிமைகளை அளிக்கிறது. வட்ஸ்அப்பில் இரண்டு வரியாக இருந்தாலும் எழுத்தில் உள்ள உடன்பாடு வாய்ப்பேச்சைவிட மேல்.

வேலை தேடிச் செல்வதற்கு முன், திருவிழாக்கால இசைக்குழு ஒன்றிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ ஒரு பருவமாவது வாசியுங்கள். பாடகர் அடி தவறும்போது அவரோடு சேர்ந்து திரும்பும் பழக்கம் வேறெங்கும் கிடைக்காது. பின்னர் மூன்று மாதிரிகளைப் பதிவுசெய்யுங்கள்: மெதுவான பன்னிரண்டு பார் புளூஸ் ஒன்று, பிரெடி கிரீன் முறையில் சுவிங் பின்னணி ஒன்று, தமிழ்ப் பக்திப் பாடலொன்றுக்கு அடக்கமான துணைவாசிப்பு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு நேரில் சென்று மூன்றாவதை முதலில் கேட்கக் கொடுங்கள்; அங்கே நாளாந்தம் நடக்கும் வேலை அதுதான். கொழும்புக்குச் செல்லும்போது சுவிங்கை முன்னே வையுங்கள், கொஞ்சம் சிங்களமும் பேசப் பழகியிருங்கள். வெளிநாட்டு இசையமைப்பாளருக்கு மூன்றையும் ஒரே இணைப்பில் அனுப்பி, எத்தனை நாளில் பதிவை முடித்துத் தருவீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். அந்த நாளைச் சற்றுத் தாராளமாகச் சொல்லிவிட்டு, அதற்கு முன்னரே அனுப்பிவையுங்கள்.