கைக்குட்டை கட்டினால் தூசி நிற்காது

பழைய வண்ணாரப்பேட்டை சந்தில் ஒரு வீட்டில் டைல்ஸ் வெட்ட ஆரம்பித்தால், எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம். வெட்டுகிறவர் முகத்தில் ஒரு கைக்குட்டை. சாயங்காலம் அதை நாலு உதறு உதறி, மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். முதல் தவறு அந்தக் கைக்குட்டைதான்.

கிரானைட், டைல்ஸ், கான்கிரீட், செங்கல் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு, மணலில் இருக்கிற அதே தாது. கண்ணுக்குத் தெரிகிற தூசியில் பெரும்பகுதியை மூக்கே பிடித்துவிடும். வம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூசியில்தான். 4 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய அந்தப் பொடி துணியைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, தழும்பாக்கிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். விழுந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. புற்றுநோய் அபாயமும் உண்டு.

அமெரிக்காவில் இந்த நுண் சிலிக்கா தூசிக்கு, 8 மணி நேர வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராம். பத்துக்குப் பத்து அறை முழுக்கச் சேர்த்தாலும் ஒன்றரை மில்லிகிராம் வராது. தூள் உப்பில் இருபது முப்பது பரல், அவ்வளவுதான்.

சரி, என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுத்தாயிற்று. அதைத் தாடிமேல் போட்டால் ஓரத்தில் காற்று புகும். இரண்டு பட்டையில் ஒன்றைத் தொங்கவிட்டாலும் அதே கதை. அதனால் மாஸ்க்கை நம்பி, தண்ணீர் விட்டு வெட்டுவதைக் கைவிடக்கூடாது. தூசியைக் கிளம்பும் இடத்திலேயே அடக்குவது தண்ணீர்தான். ஆனால் சாதாரண கிரைண்டரில் பாட்டிலால் ஊற்றுவது ஷாக்குக்கு அழைப்பு. தண்ணீர்க் குழாய் இணைப்போடு வரும் கட்டரும், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்ட லைனும் வேண்டும். வெட்டிய சேற்றை ஈரமாகவே அள்ளிவிடுங்கள். காய்ந்தால் பழையபடி தூசி.

யாரும் கண்டுகொள்ளாத தவறு சாயங்காலம் நடக்கிறது. கட்டர் நின்றதும் மேஸ்திரி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு டீக்குப் போவார். சித்தாள் அக்கா முந்தானையை மூக்கில் செருகிக்கொண்டு, மூடிய அறையில் விளக்குமாற்றால் வறட்டுப் பெருக்கல் போடுவார். படிந்ததெல்லாம் மறுபடி எழும்பும், அவர் மூச்சு மட்டத்துக்கே. கூலியும் குறைவு, மாஸ்க்கும் கிடையாது. என்னைக் கேட்டால் முதல் மாஸ்க் அவருக்குத்தான். தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கச் சொன்னால் ஐந்து நிமிஷம் கூட ஆகும், ஆகட்டுமே.

அப்புறம் இந்த வாழைப்பழம், வெல்லம். தின்றால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். இறங்குவது வயிற்றுக்கு, தூசி இருப்பது நுரையீரலில்.

இருமல் விடாமல் இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிலிக்கோசிஸ் பார்க்க டிபி மாதிரியே இருக்கும், டிபி வரவும் வழிவிடும். டாக்டர் "என்ன வேலை?" என்றால் "கூலி வேலை" என்று நிறுத்திவிடாதீர்கள். கிரானைட் வெட்டுகிறேன், இத்தனை வருஷமாக வெட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.